மீன்பாடு தெரிந்தால் நாய்ப்பாடு தெரியும்

ராமேஸ்வரம், தங்கச்சிமடம், பாம்பன், மண்டபம் என்று இந்தக் கரையில் வேலைக்கு வந்து வாடகைக்கு வீடு பார்ப்பவர்கள் முதலில் கேட்பது, நல்ல தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வரும் என்பதை. அடுத்துக் கேட்க வேண்டியது, இந்தத் தெருக்காரர்கள் மீன் கழிவை எங்கே கொட்டுகிறார்கள் என்பதை. அந்த இடத்துக்கும் உங்கள் வாசலுக்கும் நடுவில் எத்தனை நாய்க்கூட்டத்தின் எல்லை வருகிறது என்று தெரிந்தால்தான், விடிகாலை பஸ்ஸுக்கு நடந்து போவதா, ஆட்டோவுக்குச் சொல்லிவைப்பதா என்று முடிவெடுக்க முடியும்.

கடல் இல்லாத ஊர்த் தெருநாய்க்கும் கடற்கரை நாய்க்கும் உடம்பில் வித்தியாசம் கிடையாது. பிழைப்பில்தான் வித்தியாசம். டவுன் நாய்க்கு டீக்கடையும் குப்பைத்தொட்டியும் தினமும் ஏறக்குறைய ஒரே அளவு போடும். இங்கே ஒருநாள் சங்காயம் என்கிற கழிசல் மீன் கூடை கூடையாகக் கிடக்கும், மறுநாள் செதில்கூட இருக்காது. பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகும் நாட்டுப்படகும் வாரத்தில் நாள் மாற்றிக் கடலுக்குப் போவது பழைய ஏற்பாடு. விசைப்படகு கரை திரும்பும் காலையில் துறைமுகத்து நாய்கள் வயிறு முட்டத் தின்றுவிட்டு ஐஸ் பெட்டி நிழலில் காலை நீட்டிப் படுத்திருக்கும். தாண்டிப் போனாலும் கண் திறக்காது. படகு போகாத நாள் ராத்திரியில் அதே நாய்கள் தெருவுக்குள் வந்து நிற்கும். "நேத்து வாலாட்டுச்சே, இன்னிக்கு உறுமுதே" என்று வெளியூர்க்காரர் குழம்புவது இதனால்தான்.

பெரிய மாற்றம் தடைக்காலத்தில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கட்டிக் கிடக்கும். துறைமுகத்தை நம்பியிருந்த நாய்கள் நாட்டுப்படகு இறங்கும் கரைக்கும், கறிக்கடை வாசலுக்கும், கல்யாண மண்டபத்துப் பின்பக்கத்துக்கும் நகரும். அங்கே ஏற்கெனவே வேறு கூட்டம் இருக்கும். ராத்திரி முழுக்கச் சண்டை. இந்த இரண்டு மாதத்தில் மனிதர்கள் கடிபடுவது பெரும்பாலும் நாய் நேராகத் துரத்தி அல்ல, சண்டைக்கு நடுவில் மாட்டி. வீட்டு நாயைக் காப்பாற்றக் கையை நீட்டுவார்கள். கடிப்பது தங்கள் நாயாகவே இருக்கும், அந்த வேகத்தில் அதற்கு ஆள் தெரியாது. இரண்டு நாய் கவ்விக்கொண்டால் நடுவில் கையை நுழைக்காதீர்கள். ஒரு வாளித் தண்ணீரை இரண்டின் முகத்திலும் அடியுங்கள். தண்ணீர் இல்லையென்றால் நடுவில் ஒரு பலகையையோ மீன் பெட்டி மூடியையோ செருகுங்கள். மீனவர்கள் வேலைநிறுத்தம் என்று படகுகள் பத்துப் பதினைந்து நாள் நின்றாலும் இதே கதைதான், சின்ன அளவில்.

இதோடு மாதக் கணக்கு ஒன்றும் உண்டு. மழைக்காலம் முடியும் தறுவாயில், கார்த்திகை மார்கழியில், பெட்டைக்குப் பின்னால் ஏழெட்டுக் கடுவன்கள் ஊர்வலம் போகும். அந்த ஊர்வலத்துக்கு எல்லையும் கிடையாது, பழகிய முகம் என்ற மரியாதையும் கிடையாது. எதிரே வந்தால் தெருவை மாற்றிக்கொள்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை. சினைக்காலம் ஏறக்குறைய 63 நாள். ஆக மாசி வாக்கில் கவிழ்த்துப் போட்ட வல்லம் என்கிற படகுக்கு அடியிலும், வலைக்கொட்டகை மூலையிலும், பழைய தெர்மாகோல் பெட்டிக்குள்ளும் குட்டிகள் இருக்கும். குட்டி போட்ட நாய் குரைத்து எச்சரிக்கும் என்று நினைக்க வேண்டாம். முதல் மூன்று வாரம் அது சத்தமில்லாமல் வந்து கெண்டைக்காலைக் கவ்வும். கொட்டகைக்குள் நுழையுமுன் தகரத்தை இரண்டு தட்டுத் தட்டி, அது வெளியே வர நேரம் கொடுங்கள். குட்டியைக் குழந்தைகள் தூக்கிவருவது இன்னொரு தலைவலி. குட்டிதானே என்று அதன் பல் கீறலை யாரும் சட்டை செய்வதில்லை. வெறிநோய்க்குக் குட்டி, கிழம் என்ற பேதம் இல்லை.

இருட்டில் நடப்பது

கடலுக்குப் போகிறவர்கள், சுபுஹு தொழுகைக்குப் போகிறவர்கள், பாசி எடுக்கப் போகும் பெண்கள், கரைப்பக்கம் ஒதுங்கப் போகிறவர்கள் எல்லோருக்கும் விடியுமுன் நடை தவிர்க்க முடியாதது. புதிதாக வந்தவர் முதல் வாரத்தில் அந்த வழியைப் பகலில் ஒரு உள்ளூர்க்காரரோடு நடந்து பாருங்கள். "அது ஒண்ணும் செய்யாதுண்ணே, நம்ம நாய்தான்" என்பார் அவர். அவருக்கு அது நம்ம நாய்தான், உங்களுக்கு இன்னும் ஆகவில்லை. ஒவ்வொரு கூட்டம் இருக்கும் இடத்திலும் அவரை இரண்டு நிமிடம் நிற்கச் சொல்லிப் பேச்சுக் கொடுங்கள். நாய் வந்து மோந்தால் மோந்துகொள்ளட்டும். கையை நீட்ட வேண்டாம், குனிந்து முகத்தைக் காட்டவும் வேண்டாம். நாலைந்து நாள் ஒரே நேரத்தில் போய்வந்தால் பெரும்பாலான நாய் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பப் படுத்துவிடும்.

மணலில் ஒரு சங்கடம் இருக்கிறது. தார் ரோட்டில் நீங்கள் வருவது தூரத்திலேயே நாய்க்குக் கேட்டுவிடும். மணலில் காலடி கேட்காது. காற்று நாயிடமிருந்து உங்கள் பக்கம் வீசினால் வாசமும் அதற்குப் போகாது. தூங்கும் நாயின் மூக்குக்கு முன்னால் திடீரென்று ஒரு ஆள் முளைத்தால் அது யோசித்துக் கடிக்காது, திடுக்கிட்டுக் கடிக்கும். ஆகவே மணல் பாதையில் வாய்விட்டு ஏதாவது பேசிக்கொண்டோ இருமிக்கொண்டோ, வாளியைக் கம்பால் தட்டிக்கொண்டோ போகலாம். டார்ச்சைக் காலுக்கு ஆறேழு அடி முன்னால் தரையில் அடியுங்கள். கண்ணில் அடித்தால் நாய்க்கு ஆள் தெரியாது, வெளிச்சம் மட்டும் தெரியும். பழகிய நாயும் அப்போது பயந்து பாயும்.

குரைத்துக்கொண்டு வந்தால் நில்லுங்கள். உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, கையைத் தொங்கவிட்டு, அதன் காலுக்கு முன்னால் இருக்கும் தரையைப் பாருங்கள். நேருக்கு நேர் கண்ணைப் பார்ப்பது நாய் பாஷையில் சண்டைக்கு அழைப்பது. முன்னால் நின்று பெரிதாகக் குரைப்பது அநேகமாகக் கடிக்காது. சத்தம் இல்லாமல் பின்னால் சுற்றி வருவதுதான் கடிக்கும். அதனால் முதலில் முதுகுக்கு ஒரு சுவரோ, வல்லமோ, பனைமரமோ தேடிக்கொள்ளுங்கள். பிறகு பக்கவாட்டில் அடி அடியாக நகர்ந்து அதன் எல்லையைத் தாண்டுங்கள். ஓடுவது எங்கேயும் தப்பு, மணலில் ஓடுவது இரட்டைத் தப்பு. தண்ணீரில் இறங்கினால் விட்டுவிடும் என்றும் நம்ப வேண்டாம். இந்தக் கரை நாய்கள் கரைவலை இழுக்கும்போது நெஞ்சளவுத் தண்ணீரில் நின்று மீன் பிடுங்குபவை.

கல்லெடுக்கக் குனிவது போலப் பாவனை செய்தால் தெருநாய் பின்வாங்கும், இது நாடு முழுக்கச் செல்லும் தந்திரம். கடற்கரையில் பாதிதான் செல்லும். மணலில் கல் இல்லை என்பது நாய்க்கும் தெரியும். கம்பு நல்லது, ஆனால் ஓங்குவதற்கு அல்ல. நுனியைத் தரையோடு வைத்து நாய்க்கும் உங்களுக்கும் நடுவில் பிடித்தால் அது கம்பைக் கடிக்கும், காலை விட்டுவிடும். குடையை அதன் பக்கமாகப் பட்டென்று விரித்தாலும் பின்வாங்கும். வேட்டியையோ சுடிதாரையோ கவ்வினால் இழுக்காதீர்கள், இழுத்தால் அடுத்த பிடி சதையில் விழும். கீழே விழுந்துவிட்டால் குப்புறச் சுருண்டு, விரல்களைப் பிடரியில் கோத்து, முழங்கைகளால் முகத்தை மறைத்துக்கொள்ளுங்கள்.

பைக்கில் துரத்தினால் வேகம் கூட்ட வேண்டாம், காலைத் தூக்கவும் வேண்டாம். காலைத் தூக்கிச் சரிந்து எலும்பு முறிந்தவர்கள், கடிபட்டவர்களை விட மோசமாகப் படுத்திருப்பார்கள். வேகத்தைக் குறைத்து, தேவையென்றால் நிறுத்தி, ஒரு அதட்டு. துரத்தும் பொருள் நின்றுவிட்டால் துரத்தலும் நின்றுவிடும்.

மீனும் கருவாடும்

ஏலம் எடுத்த மீனைப் பாலிதீன் பையில் தொங்கவிட்டுக்கொண்டு நடப்பது நாயை வீட்டுக்கே அழைத்து வருவது. சலசலப்புச் சத்தமே அதற்கு மணியோசை. மூடியுள்ள வாளியில் போட்டு, இடுப்புக்கு மேலே பிடித்துக்கொள்ளுங்கள். பை தரையில் விழுந்து நாய் எடுத்துவிட்டால் அந்த மீன் போனது போனதுதான். வாயிலிருந்து பிடுங்கப் போய்க் கடிபட்டவருக்கு ஊசிச் செலவும் அலைச்சலும் சேர்ந்தால் அந்த மீன் விலை கட்டுப்படியாகாது.

கழிவைப் புதைப்பவர்கள் ஒரு சாண் குழி தோண்டி மணலை மூடுகிறார்கள். மணலை நாய் ஐந்து நிமிடத்தில் கிளறிவிடும். குழி மூன்றடி வேண்டும். கழிவு ஓரடி, அதன்மேல் சுண்ணாம்புத் தூள், மேலே இரண்டடி மண், அதற்கும் மேல் கருவேல முள் ஒரு கை. முள்ளைக் கடைசியாகப் போடாவிட்டால் மற்ற உழைப்பு அத்தனையும் வீண். முள்ளின் மேல் ஒரு பனைமட்டையைப் போட்டு அழுத்திவிட்டால் காற்றுக்கும் பறக்காது.

நெத்திலியும் சூடையும் காரலும் வெறும் மணலில் காய்ந்தால் நாய் தின்னும் அளவைவிட, மூத்திரம் அடித்துக் கெடுக்கும் அளவுதான் அதிகம். வேலி அடைப்பதைவிடப் பரண் நல்லது. மூன்றரை அடி உயரக் கால் நட்டு, மேலே வலையை இழுத்துக் கட்டிக் காயவைத்தால் காற்று அடியிலும் புகுந்து சீக்கிரம் காயும். வலை தொய்ந்தால் நாய் முன்னங்காலை வைத்து இழுக்கும். பறைத்தோல் மாதிரி விறைப்பாக இருக்க வேண்டும். தரைவரை பழைய வலையைத் தொங்கவிடுகிறார்கள் சிலர். அதில் குட்டிகள் கழுத்து மாட்டிச் செத்துப்போகும், அதை எடுக்கப் போகிறவரைத் தாய் கடிக்கும். தொங்கவிட வேண்டாம்.

கருவாட்டுக்கு மீன் ஊறவைத்த உப்புத் தண்ணீரைத் திறந்து வைக்காதீர்கள். தாகத்தில் அதைக் குடித்த நாய் வாந்தி எடுத்து, தள்ளாடி, வலிப்பு வந்து விழும். ஊர் அதை வெறிநாய் என்று அடித்துக் கொன்றுவிடும். தொட்டிக்கு ஒரு மூடி போதும்.

முள்ளா, வெறியா?

இந்தக் கரையில் உயிரோடு விளையாடும் தவறு ஒன்று இருக்கிறது. ஒரு நாய் வாயை மூட முடியாமல் தாடை தொங்க நிற்கும். எச்சில் நூலாக வடியும். விழுங்கப் பார்க்கும், முடியாது. பக்கத்தில் போனால் கடிக்காது, பாவமாகப் பார்க்கும். மீன் தின்கிற ஊரில் இதைப் பார்த்தவுடன் எல்லோருக்கும் தோன்றுவது, கெளுத்தி முள்ளோ தூண்டில் முள்ளோ தொண்டையில் மாட்டிவிட்டது என்பதுதான். இரக்கமுள்ள ஒருவர் வாயைப் பிளந்து விரலை விட்டுத் துழாவுவார். முள் இருக்காது. வெறிநோயில் இரண்டு வகை. பாய்ந்து கடிப்பது ஒன்று, எல்லோருக்கும் தெரிந்தது. தாடையும் தொண்டையும் முடங்கி ஊமையாக நிற்பது இன்னொன்று. இரண்டாவது வகையில் நாய் யாரையும் கடிக்காமலேயே, அதன் எச்சில் கையிலுள்ள வெட்டுக்காயம் வழியாக உள்ளே போய்விடும். வலை இழுத்து, மீன் அறுத்து வாழ்கிறவர் கையில் கீறல் இல்லாத நாள் ஏது?

உண்மையில் முள் குத்திய நாய் முன்னங்காலால் வாயை ஓயாமல் பிறாண்டும், குரல் மாறாது, தன் இடத்தை விட்டு அலையாது. வெறி பிடித்த நாயின் குரைப்பு கரகரத்து உடைந்துபோகும். கண்ட குச்சியையும் கல்லையும் கடிக்கும். எங்கோ ஒரு ஊரிலிருந்து வந்து எங்கோ போய்க்கொண்டிருக்கும். ஆனால் இதை வைத்து நீங்களே தீர்ப்பெழுத வேண்டாம். உப்புத் தண்ணீர் குடித்ததும், பேத்தை என்கிற விஷ மீனைத் தின்றதும், கண்ணிலும் மூக்கிலும் சீழ் வடியும் டிஸ்டெம்பர் நோய் வந்ததும்கூடத் தள்ளாடும், எச்சில் விடும். எதுவானாலும் வெறுங்கை வாய்க்குள் போகக் கூடாது. ஆள் நடமாட்டத்தை விலக்கி, முடிந்தால் ஒரு அறைக்குள் அடைத்து, கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள்.

"தண்ணி குடிக்குது, அப்ப வெறியில்ல" என்று அடித்துச் சொல்பவர்கள் ஊருக்கு நாலு பேர் உண்டு. தண்ணீரைக் கண்டு மிரள்வது நோய் வந்த மனிதனுக்கு. வெறிநாய் தண்ணீரைக் கண்டு ஓடாது, குடிக்கப் பார்க்கும், நீந்தக்கூடச் செய்யும்.

கடித்துவிட்டால்

முதலில் குழாயடி. ஓடும் தண்ணீரில், சோப்புப் போட்டு, கடிகாரம் பார்த்து 15 நிமிடம். இரண்டு நிமிடத்திலேயே போதும் என்று தோன்றும், போதாது. சோப்பு வெறிநோய்க் கிருமியின் கொழுப்பு உறையைக் கரைக்கிறது, தண்ணீர் அடித்துக்கொண்டு போகிறது. இரண்டுக்கும் நேரம் வேண்டும். குழாயில் தண்ணீர் வராத நாளென்றால் குடத்திலிருந்து சொம்பு சொம்பாக ஊற்ற ஒரு ஆள் நிற்கட்டும். கடல் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, நல்ல தண்ணீரே வேண்டும். கழுவியபின் பொவிடோன் அயோடின் இருந்தால் தடவலாம். மஞ்சள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, காப்பித்தூள், டீசல் எதுவும் கூடாது. இவை புண்ணை அரித்துக் கிருமியை உள்ளே தள்ளும். இறுக்கிக் கட்டுவதும் தையல் போடுவதும் உடனே வேண்டாம்.

தோல் கிழியாமல் நக்கியது மட்டும் என்றால் கழுவினால் போதும். ரத்தம் வராத கீறல், லேசான பல் பதிவு என்றால் தடுப்பூசி. ரத்தம் வந்த கடி, புண்ணின் மேலோ வாய், கண் ஓரத்திலோ நாய் நக்கியது என்றால் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலினும் வேண்டும். தடுப்பூசி உடம்பில் எதிர்ப்பை உண்டாக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அதுவரை காவல் காப்பது இந்த மருந்து. இதைப் புண்ணுக்குள்ளும் சுற்றியும் ஏற்றுவார்கள். குதிரை ரத்தத்திலிருந்து எடுத்ததென்றால் கிலோவுக்கு 40 யூனிட், மனித ரத்தத்திலிருந்து என்றால் 20. 60 கிலோ ஆளுக்கு 2400 அல்லது 1200 யூனிட். ஆரம்ப சுகாதார நிலையங்களில் தடுப்பூசி இலவசமாகக் கிடைக்கும், இந்த மருந்து எல்லா இடத்திலும் இருக்காது. எனவே அங்கேயே "இம்யூனோகுளோபுலின் இருக்கா, இல்லன்னா எங்க போகணும்?" என்று வாய் திறந்து கேளுங்கள். ராமேஸ்வரம் தீவிலிருந்து ராமநாதபுரத்துக்கு 55 கிலோமீட்டர் வாக்கில் இருக்கிறது, போய்த்தான் ஆக வேண்டும். முதல் தடுப்பூசி போட்டு 7 நாளுக்குள் இதைப் போட்டுக்கொள்ளலாம், அதற்குப் பிறகு பயனில்லை.

முதல் ஊசி போடும் நாள் பூஜ்யம். தோலில் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாட்களில், ஒவ்வொரு முறையும் இரண்டு இடத்தில். தசையில் போடும் முறையில் 0, 3, 7, 14, 28. திங்கட்கிழமை ஆரம்பித்தால் வியாழன், அடுத்த திங்கள், அதன்பின் வருவதெல்லாம் திங்கட்கிழமையே. வீட்டுக் காலண்டரில் வட்டம் போட்டுவையுங்கள். தசை ஊசி பெரியவர்களுக்குப் புஜத்தில், சின்னக் குழந்தைக்குத் தொடையின் முன்பக்கத்தில். புட்டத்தில் போட்டால் கணக்கில் சேராது. தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்பது வழக்கொழிந்த பழைய மருந்து, அந்தப் பயத்தில் இன்னமும் ஆஸ்பத்திரியைத் தவிர்ப்பவர்கள் இருக்கிறார்கள். பத்தியம் ஒன்றும் கிடையாது. மீன் சாப்பிடலாம். கர்ப்பிணிகளும் போட்டுக்கொள்ளலாம்.

அட்டவணை உடைவது பெரும்பாலும் கடலில்தான். பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் தங்குகடலுக்குப் போகிறவர் மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் கரையில் இருக்க மாட்டார். முதல் வாரத்து மூன்று ஊசியும் முடியும்வரை படகேறக் கூடாது, ஒரு வாரக் கூலி போனாலும் சரி.

கடித்த நாயை 10 நாள் கண்காணிப்பது தடுப்பூசியோடு சேர்ந்து நடக்க வேண்டியது. பத்து நாள் பார்த்துவிட்டு ஊசி போடலாம் என்று தள்ளக் கூடாது. நாய் பத்தாம் நாளும் நல்லபடியாக இருந்தால் மீதி ஊசியை என்ன செய்வது என்று டாக்டர் சொல்வார். நாயைக் கொன்றுவிட்டால் அந்தத் தடயமும் போய்விடும். குழந்தைகள் திட்டு வாங்கப் பயந்து கடியை மறைப்பார்கள். சாயங்காலம் குளிப்பாட்டும்போது காலைப் பாருங்கள். வெறிநோயின் அறிகுறி வெளியே வர அநேகமாக ஒன்று முதல் மூன்று மாதம், சிலருக்கு ஒரு வருஷம் தாண்டியும் ஆகலாம். வந்தபின் மருந்து இல்லை. கடிபட்டுப் பல நாள் கழித்து ஞாபகம் வந்தாலும் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

நரி, ஆமை, பிஸ்கட்

காட்டுநாய் என்று இங்கே பயமுறுத்துவதில் பாதி கட்டுக்கதை. செந்நாய் மேற்குத்தொடர்ச்சி மலைக்காட்டில் இருப்பது, இந்தக் கரையில் இல்லை. சீமைக்கருவேல் புதரில் ஊளையிடுவது நரி. அது ஆளைக் கண்டால் போய்விடும். பட்டப்பகலில் ஊருக்குள் வந்து ஆளை நோக்கி நடக்கும் நரி நோய் பிடித்ததாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். நரி கடித்தால் பத்து நாள் கண்காணிப்புக் கணக்கு கிடையாது. முழு ஊசியும் இம்யூனோகுளோபுலினும் போட வேண்டும்.

தனுஷ்கோடி நாய்கள் தனி ரகம். பகலில் சுற்றுலா வண்டிகள் பிஸ்கட் மழை பொழியும். சாயங்காலம் வண்டிகளை வெளியேற்றிவிட்ட பிறகு அந்த மணல்திட்டில் ஒன்றும் கிடையாது. தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமை கரையேறி முட்டையிடும் காலம். ஒரு குழியில் நூற்றுக்கு மேல் முட்டை. பிஸ்கட்டால் பெருகிய கூட்டம் ராத்திரியில் தோண்டுவது அதைத்தான். அங்கே தின்பண்டம் போடாதீர்கள். விடிகாலையில் டிராக்டர் டயர் தடம் மாதிரி கடலிலிருந்து மேட்டுக்கு ஒரு தடம் தெரிந்தால் நாயை விரட்டிவிட்டு வனத்துறைக்குத் தகவல் சொல்லி, அவர்கள் வரும்வரை நில்லுங்கள். நாமே முட்டையை அள்ளி இடம் மாற்றக் கூடாது. இட்டுச் சில மணி நேரம் ஆன முட்டையைப் புரட்டினால் உள்ளே கரு செத்துவிடும்.

வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகும் கீழக்கரை, தொண்டி, பெரியபட்டினம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. பாலைவனத்துக் கேம்ப்களின் சமையல் கூடத்துக்குப் பின்னால் திரியும் நாய்க்கூட்டமும் நம் துறைமுகத்துக் கூட்டம் மாதிரிதான், எச்சில் தட்டை வைத்தே வளரும். சவூதியிலும் ஓமனிலும் வெறிநோய் உண்டு. அங்கே நகரத்தைவிட்டு வெகு தூரத்தில் வேலை என்றால் புறப்படுமுன்பே முன்தடுப்பூசி போட்டுக்கொள்வது நல்லது. 0, 7, பிறகு 21 அல்லது 28 ஆகிய நாட்களில் மூன்று ஊசி. போட்டவருக்குப் பிறகு கடித்தால் 0, 3 என்று இரண்டே ஊசி போதும், இம்யூனோகுளோபுலினும் தேவையில்லை. ஊரில் கடிபட்டு நடு அட்டவணையில் விமானம் ஏறுகிறவர், ஊசிச் சீட்டில் மருந்தின் பெயர், தேதி, தோலிலா தசையிலா என்பதை எழுதி வாங்கிக்கொண்டு போங்கள். அங்குள்ள டாக்டர் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்.

சோறு போடுபவர்களுக்கு

போடுவதென்றால் ஒரே இடம், ஒரே நேரம். நடைபாதையிலும் பள்ளிக்கூட வாசலிலும் வேண்டாம். அரைமணி நேரத்தில் மிச்சத்தை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அந்த இடத்தைக் காப்பாற்ற நாய் போகிறவர் வருகிறவரையெல்லாம் விரட்டும். 15 கிலோ நாய்க்குச் சோறும் மீனும் கலந்து ஒரு நாளைக்கு அரை கிலோவுக்குக் கொஞ்சம் மேலே போதும். உப்புப் போடாமல் வேகவையுங்கள். பச்சைச் சாளையும் நெத்திலியுமே தொடர்ந்து தின்னும் நாய்க்கு தையமின் என்னும் பி1 சத்துக் குறைந்து கால் தள்ளாடும். அந்தச் சத்தை அழிக்கும் பொருள் சில பச்சை மீனில் உண்டு, வேகவைத்தால் அது போய்விடும்.

சோறு போடுகிறவர் செய்ய வேண்டிய பெரிய வேலை வேறு. கூப்பிட்டால் வருகிற நாயைத்தான் பிடிக்க முடியும். கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் ஆள் வரும் அன்று பிடித்துக்கொடுக்க வேண்டியவர் அவரே. ஓர் ஊர் நாய்களில் 70 சதவீதத்துக்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் வெறிநோய் பரவும் சங்கிலி அறுந்துவிடும் என்பது உலக அளவில் ஏற்றுக்கொண்ட கணக்கு. காது நுனியில் வெட்டு உள்ள நாய் கருத்தடை ஆனது. 2023-ல் வந்த விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிப்படி அதைப் பிடித்த இடத்திலேயே திரும்ப விட வேண்டும். பள்ளி, ஆஸ்பத்திரி, பஸ் நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களுக்கு மட்டும் 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வேறு உத்தரவு போட்டிருக்கிறது. வேனில் ஏற்றி அடுத்த ஊர்க் கருவேலங்காட்டில் விடுவது சட்டப்படியும் தப்பு, காரியத்துக்கும் உதவாது. கழிவு கொட்டும் இடம் அப்படியே இருந்தால், ஊசியும் போடாத, யாருக்கும் பழகாத புதுக் கூட்டம் அங்கே வந்து சேரும்.

பங்குனி, சித்திரையில் சோற்றைவிடத் தண்ணீர் முக்கியம். குடிநீர்க் குழாய் கசியும் இடத்தில் குடத்தோடு நிற்கும் பெண்களுக்கும் நாய்க்கும் நடுவில்தான் கோடையில் தகராறு. ஒன்றரை அடி அகலம், நாலு விரற்கடை ஆழம் உள்ள சிமெண்ட் தொட்டி இரண்டு வாங்கி, ஐம்பது அடி தள்ளித் தள்ளி, பூவரச நிழலில் வையுங்கள். ஒன்றே ஒன்று வைத்தால் பெரிய நாய் அதன்மேல் படுத்துக்கொள்ளும். இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தேங்காய் நாரால் உட்பக்கத்தைச் சுற்றித் தேய்க்க வேண்டும். தேய்க்காமல் தண்ணீரை மட்டும் மாற்றினால் டெங்கு கொசுவின் முட்டை ஓரத்தில் ஒட்டியபடியே இருக்கும்.